தாய்மாமன் இலை

ஜூலை 8, செவ்வாய்

தினமும் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு குடித்தேன் என்று எழுதி வரச் சொல்லியிருக்கிறாள் டயட்டீஷியன் ரெபேக்கா. காலை: இட்லி, உப்பில்லாத வெங்காயச் சட்னி. மதியம்: சோறு, புடலங்காய். இரவு: மறுபடியும் இட்லி. எழுதியாகிவிட்டது. இதற்கு ஒரு முழுப் பக்கம் எதற்கு? முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். இடம் காலியாகப் போனால் எனக்குப் பொறுக்காது. மிச்சப் பக்கத்தில் என் கதையை ஏற்றிக்கொள்கிறேன். அவளுக்குக் காட்டப்போவது சாப்பாட்டை மட்டும்தான்.

டாக்டர் இன்று சுற்றி வளைக்கவில்லை. "கிட்னி ரெண்டும் பேருக்குத்தான் இருக்கு. இன்னும் கொஞ்ச மாசத்துல டயாலிசிஸ் வேண்டிவரும். வாயைக் கட்டுனா கொஞ்சம் தள்ளிப்போடலாம். மாற்றுக் கிட்னி வச்சுக்கிறதா இருந்தா இப்பவே பாக்கணும். கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். ஃபைலில் எழுதிக்கொண்டார்.

பாக்கியம் இருக்கிறாள், ராஜபாளையத்தில். ஒன்பது வருஷமாகப் போக்குவரத்து இல்லாத தங்கையை இருக்கிறாள் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா? வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். சுருக்கமாக முடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஜூலை 10, வியாழன்

சமையல் படிக்கிறேன். காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறப்போட்டு, அதைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டிவிட வேண்டும். அப்போதுதான் பொட்டாசியம் இறங்குமாம். கூடவே ருசியும் இறங்கிவிடுகிறது. கால் வீங்குவதால் குடிக்கிற தண்ணீருக்கும் அளவு உண்டு. காலையில் ஒரு பாட்டிலை நிரப்பி வைக்கிறேன். காபி குடித்தால் அந்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து கொட்டிவிட வேண்டும். புஷ்பம் உயிரோடு இருந்திருந்தால் வாசல் குழாயைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்திருப்பாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி கிடையாது. இந்த வீட்டில் எனக்குக் காவல் நான்தான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ரிட்டயரான கண்டக்டர், டிரைவரெல்லாம் அங்கேதான் கூடுவோம். போனால் டீயும் வடையும் கைக்கு வரும். வேண்டாம் என்றால் காரணம் கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் மறுநாள் இளநீர்க் குலையோடு வீட்டுக்கு வந்து நிற்பார்கள். எனக்கு இளநீர் விஷம் என்று சொன்னால் ஒருத்தனும் நம்பமாட்டான். இந்த ஊரில் சாப்பிடாதவனுக்கு உட்கார இடம் கிடையாது.

ஜூலை 15, செவ்வாய்

ரெபேக்காவிடம் நல்ல பெயர் வாங்க நினைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று ஒரு பாக்கெட் இருந்தது. நமக்காகவே செய்திருக்கிறான் என்று வாங்கி, நாலு நாள் தாராளமாகப் போட்டுக்கொண்டேன். இன்று பெருமையாகச் சொன்னால் அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயா, சோடியத்தைக் குறைச்சிட்டு அதுல பொட்டாசியத்தைத்தான் சேர்ப்பாங்க. உங்களுக்கு அது சாதா உப்பை விட மோசம். இன்னைக்கே தூக்கிப் போடுங்க."

தூக்கிப் போட்டேன். அந்த நாலு நாள் சாப்பாடு சாப்பாடாக இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

சோறு, சுரைக்காய். இன்று யாரோடும் பேசவில்லை. சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் வெயில் ஜாஸ்தியா என்று கேட்டேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தெரியாத நம்பர். எடுத்தால், "அண்ணே, நான் பாக்கியம் பேசுறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவளே பேசினாள். "ஹேமாவுக்குக் கல்யாணம் கூடியிருக்குண்ணே. ஆடிப்பெருக்கன்னைக்கு வந்து உனக்குத்தான் மொதப் பத்திரிகை வைக்கிறோம். தாய்மாமன் இல்லாம எம்புள்ள எப்பிடி மணவறையில உக்காரும்?"

"மாப்பிள்ளையும் வர்றாரா?"

"அவருந்தான். நான் சொல்லல, அவராத்தான் கெளம்புனாரு."

பாக்கியத்தின் புருஷன் தங்கமாரியப்பன் என் வீட்டு வாசலை மிதித்து ஒன்பது வருஷம் ஆகிறது. அம்மாவின் பதினாறாம் நாள் சாப்பாட்டில் ஆரம்பித்தது. கூட்டம் எதிர்பார்த்ததை விட அதிகம். வெளியே ஆட்கள் நிற்பதைப் பார்த்ததும் எனக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்து, "கொஞ்சம் நெருங்கி உக்காருங்க, இன்னும் மூணு பேர் உக்காரலாம், நகருங்க நகருங்க" என்று சத்தம் போட்டேன். அந்த வரிசையில் வீட்டு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் இடித்து நகர, அவருடைய இலை கிழிந்து ரசம் வேட்டியில் ஓடியது. அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். "இனி இந்த வீட்டுல கை நனைச்சேன்னா என்னை ஏன்னு கேளு" என்று சபை நடுவே சொல்லிவிட்டுப் போனார். கூட்டத்தை நகரச் சொன்னதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பாக்கியம் அவர் பின்னாலேயே போனாள். போகத்தானே வேண்டும்?

இன்று அவள் குரல் அப்படியே இருந்தது. கொஞ்சமும் மாறவில்லை.

அவளுக்கும் எனக்கும் ஒரே ரத்த வகை. அவள் பிரசவத்தின்போது நான்தான் கொடுத்தேன். சும்மா நினைவுக்கு வந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வந்தார்கள். வெற்றிலை பாக்கு, பழத்தட்டு, பத்திரிகை, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. தங்கமாரியப்பன் தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் போட்ட காபியை வாங்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். ஒன்பது வருஷ வீம்பு ஒரு டம்ளரில் போய்விட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொன்னேன். அது காஸ் அடுப்பு.

பாக்கியம் உரிமையோடு அடுப்படிக்குள் நுழைந்தாள். "என்னண்ணே இது, காயெல்லாம் தண்ணியில மெதக்குது?"

"பூச்சிமருந்து போகட்டும்னு."

ரசத்தை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பே இல்ல. மதினி போயி இத்தனை வருசமாச்சு, இன்னும் ஒனக்குச் சமைக்கத் தெரியலயே!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் தெம்பாகத்தான் இருக்கிறாள். மாடிப்படி ஏறியும் மூச்சு வாங்கவில்லை.

பால்கோவாவை எடுத்து என் கையில் வைத்தாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டேன். ரெபேக்காவின் கணக்கில் இது வராது.

கிளம்பும்போது தங்கமாரியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், மொதப் பந்தியில நீங்க உக்காரணும். நானே நின்னு பரிமாறுவேன். அன்னைக்கு நான் எந்திரிச்சதைப் பாத்த சனம் அத்தனையும் இன்னைக்கு நீங்க வயிறாரச் சாப்புடுறதைப் பாக்கணும். அதோட எல்லாம் தீந்துச்சு."

சொல்லிவிடலாமா என்று அந்த நிமிஷம் யோசித்தேன். சொன்னால் என்ன நினைப்பார்கள்? ஒன்பது வருஷம் எட்டிப் பார்க்காத அண்ணன், கிட்னி போனதும் பத்திரிகையை வாங்கிக்கொண்டு இளிக்கிறான் என்று. அவர் அப்படித்தான் நினைப்பார். அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் நினைப்பேன். எனக்குத் தங்கை வேண்டும். அவள் உறுப்பு எனக்கு எதற்கு? சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

என் நண்பர் ஒருவருக்கும் இதே வியாதி, கல்யாண வீட்டில் அவர் என்ன சாப்பிடலாம் என்று ரெபேக்காவிடம் கேட்டேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். சாம்பார் கூடாது, ரசம் கூடாது. உருளைக்கிழங்கு, அப்பளம், ஊறுகாய், பாயசம், வாழைப்பழம், மோர் எதுவும் கூடாது.

"அப்ப இலையைத்தாம்மா மடிச்சுச் சாப்பிடணும்" என்றேன்.

"இலையும் கீரை மாதிரிதான், பொட்டாசியம்" என்றாள். அவளுக்குக் கூட நகைச்சுவை வருகிறது. பிறகு மெதுவாக, "உங்க நண்பர் அந்த வீட்டுல ஒரு வார்த்தை சொன்னா தனியா வச்சுத் தந்துருவாங்களே, ஐயா. ஏன் சொல்ல மாட்டேங்குறாரு?" என்று கேட்டாள்.

அவர் கொஞ்சம் வீம்பு பிடித்தவர் என்றேன்.

ஆகஸ்ட் 30, சனி

ராஜபாளையம். வீடு நிறையச் சனம். ஹேமா ஓடி வந்து "மாமா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பதினாலு வயதில் பார்த்த பிள்ளை, கல்யாணப் பெண்ணாக நிற்கிறாள். அவளுக்கு இருபத்தி மூன்றாம். ஆளுக்கு ஆள் காபி, பால், மோர். வாங்கி வாங்கிப் பின்கட்டுச் செம்பருத்திக்கு ஊற்றினேன். நாளைக்கு அந்தச் செடியைத்தான் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும்.

மாடியில் எனக்குத் தனியாகப் பாய் விரித்திருக்கிறாள். கீழே சிரிப்பும் சத்தமும் கேட்கிறது. இவ்வளவு பேர் சத்தத்தில் தூங்கி எத்தனை நாளாயிற்று.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தாலி ஏறியது. மாமன் முறையை நல்லபடியாகச் செய்தேன். மாலை போட்டுக்கொண்டு நின்றபோது புஷ்பம் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

முதல் பந்தி. நடு இலை எனக்கு. சோற்றைப் பிசைந்து பரப்பி, சாப்பிட்ட மாதிரி காட்டிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் திட்டம் போட்டுவைத்திருந்தேன். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் ஏய்க்கிற ஆட்களிடம் கற்ற வித்தை என்னிடம் நிறைய உண்டு. ஆனால் தங்கமாரியப்பன் சாம்பார் வாளியோடு என் இலைக்கு முன்னாலேயே நின்றுவிட்டார். அடுத்த இலைக்கு நகரவே இல்லை. எதிர் வரிசையில் அன்று அம்மா வீட்டில் இருந்த அதே சொந்தக்காரர்கள். பேச்சை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார்கள்.

"சாப்புடுங்க மச்சான்" என்றார். வாளியைக் கைமாற்றிப் பிடித்தார். கேட்கிறவர் அவர், நான் மாட்டேன் என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்தவரும் அவர்தான்.

சாப்பிட்டேன். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம். உருளைக்கிழங்கு மசாலா, அப்பளம், மாங்காய் ஊறுகாய். பாயசத்தை இலையில் ஊற்றி, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு வழித்தேன். மறுபடி ஊற்றினார். அதையும் வழித்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், நன்றாக இருந்தது. உப்பு நாக்கில் பட்டதும் உடம்பே சிலிர்த்தது. இத்தனை நாளில் எனக்குப் பசித்துக் கிடந்தது சோற்றுக்கு இல்லை. இப்படி ஒருவர் எதிரில் நின்று, "இன்னும் கொஞ்சம்" என்று சொல்வதற்கு.

இலையை மடித்ததும் பாக்கியம் சமையற்கட்டு வாசலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 1, திங்கள்

கால் இரண்டும் கல்லைக் கட்டிய மாதிரி. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. கல்யாண அலைச்சல், உடம்புச் சூடு என்கிறாள் பாக்கியம். தோப்பிலிருந்து இளநீர் வரவழைத்து அவளே வெட்டிக் கொடுத்தாள். "ஒரே மூச்சுல குடிண்ணே, குளுந்துரும்." அவள் கையால் கொடுத்ததை எப்படிக் கீழே வைப்பது. குடித்தேன்.

செப்டம்பர் 6, சனி

மதுரையில் நான் வழக்கமாகக் காட்டும் ஆஸ்பத்திரி. இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. கழுத்தில் குழாய் இருக்கிறது. அன்று மதியமே நினைவு தப்பிவிட்டதாம். பொட்டாசியம் ஏறி இதயம் தாறுமாறாக ஓடியிருக்கிறது. என் பர்ஸில் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து, காரில் போட்டு இங்கே கொண்டுவந்து அவசரமாக டயாலிசிஸ் செய்து பிழைக்க வைத்திருக்கிறார்கள்.

நான் கண் விழித்தபோது பாக்கியம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். டாக்டர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே அவளிடம் கேட்டார்: "நீங்க யாரும்மா? இவருக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லன்னு ரெண்டு மாசம் முன்னாடி எழுதியிருக்கு."

"நான் யாருமில்லீங்க டாக்டர். பக்கத்து வீடு" என்றாள்.

அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. "நான் குடுத்த எளனி ஒன்னைக் கொல்லப் பாத்துருக்கு. தெரிஞ்சேதான் வாங்கிக் குடிச்சியா?" என்றாள். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன். "கேட்டா நான் குடுக்க மாட்டேன்னு நெனச்சியா, இல்ல குடுத்துருவேன்னு பயந்தியா? எதுண்ணே?"

எது என்று எனக்கே தெரியவில்லை. கழுத்துக் குழாயைக் காட்டி, பேச முடியவில்லை என்று சைகை செய்தேன். பேச முடியும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கதவு திறந்திருந்தது. வராந்தாவில் தங்கமாரியப்பன் போனில் யாரிடமோ பேசினார். "இப்பத்தான வெளங்குது. பத்திரிகை வச்ச ஒடனே மச்சான் எதுக்குப் பல்லைக் காட்டிக்கிட்டு வந்தாருன்னு."

எதற்குப் பயந்து அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டேனோ, அதுதான் நடந்தது. சாப்பிட்டும் நடந்தது.

பாக்கியம் கேட்டிருப்பாள். கஞ்சியை ஆற்றிக்கொண்டே, எனக்குச் சொல்கிற மாதிரி அவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்: "அவன் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. தங்கச்சியே இல்லன்னுதான் எழுதிக் குடுத்துருக்கான். நானாத்தான் டாக்டர்கிட்டப் போயி, என்னைய டெஸ்ட் பண்ணுங்கன்னு கேட்டுருக்கேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வீடு. வாரத்துக்கு மூன்று நாள் மிஷின். செவ்வாய், வியாழன், சனி. முட்டை வெள்ளைக்கரு சாப்பிடலாம் என்று ரெபேக்கா அனுமதித்திருக்கிறாள். மற்றதெல்லாம் பழையபடிதான், தண்ணீர் மட்டும் இன்னும் குறைந்துவிட்டது. நாக்கு காய்ந்தால் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்கிறேன். நண்பரைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. நல்ல பெண்.

செப்டம்பர் 19, வெள்ளி

பாக்கியத்திடமிருந்து போன் இல்லை. நான் செய்யலாம். நலமா என்று கேட்டாலும் டெஸ்ட் என்ன ஆயிற்று என்று கேட்பது போல இருக்கும். போனை எடுத்து எடுத்து வைத்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சோறு, முட்டைக்கோஸ், வெள்ளைக்கரு. மாற்றுக் கிட்னி வைத்தவர்கள் தண்ணீர் நிறையக் குடிக்கலாமாம். பக்கத்து மிஷின்காரர் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

அக்டோபர் 4, சனி

மிஷினில் படுத்திருந்தபோது இருவரும் வந்தார்கள். பாக்கியத்தின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அவளுக்குச் சர்க்கரை. அதுவும் இன்று நேற்று வந்தது இல்லையாம். அவளுக்கே தெரியாமல் இத்தனை வருஷம் கூடவே இருந்திருக்கிறது, சிறுநீரில் புரதமும் போகிறது. கொடுக்கிறது இருக்கட்டும், இருக்கிறதைக் காப்பாத்திக்கோங்கம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"ஒண்ணுக்கும் ஒதவாமப் போயிட்டேண்ணே" என்று என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்காக ஒருத்தர் அழுது நான் பார்த்து நாளாயிற்று. கை முழுக்க ஊசியும் குழாயுமாக இருந்ததால் அவள் தலையைத் தொடக்கூட முடியவில்லை.

அவள் தண்ணீர் குடிக்க வெளியே போனதும் தங்கமாரியப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மச்சான், அன்னைக்கு வராந்தாவுல ஒரு வார்த்தை பேசிட்டேன். ஒங்க காதுல விழுந்துருக்கும்."

"எனக்கு ஒண்ணும் விழல மாப்ள."

அவர் நம்பவில்லை. ஆனால் மிஷின் முடியும்வரை அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். இப்படி எழுதுவது கூடத் தப்பாக இருக்கலாம். இருந்த ஒரே வழியும் அடைபட்டுவிட்டது. மிஷின்தான் இனிக் கடைசிவரை, அது எவ்வளவு தூரம் ஓட்டுமோ அவ்வளவு தூரம். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். விடிந்து எழுந்ததும் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. இனிப் பாக்கியத்திடமிருந்து எனக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை. எனக்குக் கொடுக்க அவளிடமும் எதுவும் இல்லை. இனி நான் எதற்காக வருகிறேன் என்று யாரும் கேட்க முடியாது.

பல் கூடத் துலக்கவில்லை, போன் போட்டேன்.

"பாக்கியம், இன்னைக்கு மிஷின் இல்ல. மதியச் சாப்பாட்டுக்கு அங்க வர்றேன்."

அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "என்னண்ணே வைக்க?" என்றாள்.

"சோறும் புடலங்காயும் போதும். காயை நறுக்கி இப்பவே தண்ணியில போட்டுரு. உப்பு போடாத. பாயசம் கீயசம்னு உம்புருசன் வாளியத் தூக்கிட்டு வந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "உப்பில்லாம எப்பிடிண்ணே எறங்கும் ஒனக்கு?"

"தெரியலம்மா. இதுவரைக்கும் தனியாத்தான தின்னுருக்கேன்."

"சரி வா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.